தீவு பார்க்கப் போனோம், காங்கேயம் வழியாக

வெள்ளிக்கிழமை இரவு, திருப்பூர்

அந்தமானுக்குக் கிழக்கே பாரன் தீவு என்று ஒன்று இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். தெற்காசியாவில் இன்றைக்கும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை அது ஒன்றுதான். 1787ல் வெடித்ததாக முதல் பதிவு. பிறகு நூறு வருசத்துக்கும் மேல் தூங்கிவிட்டு 1991ல் மறுபடி எழுந்துகொண்டது. நிலவியல் படிக்கும் என் தங்கச்சி மகளுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். விமானம், கப்பல் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். பனியன் தொழில் இருக்கிற இருப்பில் நான் வாயைத் திறக்கவில்லை.

"சரிங் மாமா, அப்பக் காரை எடுங்க. காங்கேயத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

காங்கேயத்தில் என்ன தீவு என்று கேட்டேன். வண்டியில் ஏறினால் சொல்வதாகச் சொன்னாள். அப்படித்தான் இன்று மதியம் கிளம்பினோம்.

முதலில் படியூர். திருப்பூர்–காங்கேயம் ரோட்டில் பஸ் நிற்கிற ஒரு சாதாரண ஊர். எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், பேக்கரியில் டீ குடித்ததோடு சரி. இந்த மண்ணுக்கடியில் பச்சைக்கல் கிடைத்தது. கடல்நீர் நிறத்தில் இருக்கும் பெரில் வகை. 1819-20 வாக்கில் ஓர் ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் தோண்டி எடுத்தார். அதற்கும் முன்னால், ரோமாபுரிக்காரர்கள் இந்தக் கல்லுக்காகவும் இந்தியப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழ்ந்தபோது மணி செய்யும் பட்டறைகளே கிடைத்தன. பெரில், படிகம், சூதுபவளம் எல்லாம் அங்கே துளை போட்டு மணியாகிக் கப்பல் ஏறியிருக்கின்றன. ஏற்றுமதி நமக்கு நேற்று வந்த தொழில் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் கல்லைப் பற்றி மட்டும்தான் பேசுவாள், ஆளைப் பற்றிப் பேசுவதில்லை.

அங்கிருந்து சிவன்மலை. காங்கேயம் பக்கம் எல்லோருக்கும் இது முருகன் கோயில். ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கும் மலை. பக்தர் ஒருவர் கனவில் என்ன பொருள் வருகிறதோ அதைக் கொண்டுவந்து, பூக்கேட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து நாட்டில் என்ன நடக்கும் என்று டீக்கடையில் பேசுவார்கள். நானும் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவளுக்குச் சிவன்மலை என்றால் நெஃபிலின் சையனைட் என்கிற பாறை. 1901லேயே இந்த மலையின் பாறைகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹாலண்டு விரிவாக எழுதிவிட்டார். நம்ம ஊர்ச் சனங்களை விட வெளிநாட்டு ஜியாலஜிக்காரர்களுக்கு இந்த மலையை நன்றாகத் தெரியும் என்கிறாள். பூமிக்கடியிலிருந்து கிளம்பிய பாறைக் குழம்பு மேலே வந்து சேராமல், வழியிலேயே நின்று, மெதுவாக ஆறி இறுகியது. இதே வகைக் குழம்பு மேலே வந்து கக்கியிருந்தால் வேறு மாதிரி கல்லாகியிருக்கும். ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், 3,715 மீட்டர் உயரமான தெய்டே எரிமலையில், அந்த வகைக் கல்தான் நிறைய. ஒன்று அடியில் நின்றுபோனது, இன்னொன்று வெளியே வந்தது. உறவு ஒன்றுதான்.

அடிவாரத்தில் உருண்டு கிடந்த ஒரு கல்லைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். மேலாகப் பார்த்தால் சாம்பல் நிறக் கருங்கல். விரலை வைத்தால் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகத் தட்டுப்பட்டது. கல்லில் இருக்கும் நெஃபிலின் என்கிற கனிமம் மழைக்குச் சீக்கிரம் கரைந்துவிடும், பக்கத்தில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்கிற கனிமம் நின்றுவிடும், அதனால் அந்தக் குழிகள். கையில் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய அடையாளம். இந்தப் பகுதியில் குருந்தக்கல்லும் உண்டு. சாணை பிடிக்கிற கல். வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்குத்தான்.

மேலே நின்று பார்த்தால் நாலாபுறமும் தட்டை நிலம். மாசி மாதம், கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. கிளுவை வேலி, நடுவில் அங்கொன்று இங்கொன்றாக வெள்வேல மரம், அதன் நிழலில் மாடுகள். கொழுக்கட்டைப் புல் அடியோடு காய்ந்த மாதிரி இருக்கும். ஒரு மழை போதும், எழுந்துவிடும். காங்கேயம் மாட்டுக்குத் திமிலையும் திமிரையும் கொடுத்தது அந்தப் புல்தான் என்று எங்கள் அப்பச்சி சொல்வார். ஒரு மயிலைக் காளை வேலியோரம் வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மயில்கள் வேறு. எண்ணிக்கை கூடிப்போய் விதைத்ததை எல்லாம் பொறுக்கித் தின்கின்றன என்று விவசாயிகள் எல்லோருமே புலம்புகிறார்கள். முருகன் வாகனம் என்பதால் யாரும் கல்லெடுப்பதில்லை.

"இது தீவா?" என்று கேட்டேன். "இது முன்னுரைங் மாமா. நாளைக்குத் திருச்செங்கோடு" என்றாள்.

சனிக்கிழமை, சித்தம்பூண்டி

ஈரோடு, பள்ளிபாளையம், காவிரிப் பாலம், திருச்செங்கோடு. அர்த்தநாரீசுவரர் மலையைக் கீழே இருந்தே கும்பிட்டுவிட்டு, தெற்கே பரமத்தி வேலூர்ப் பக்கம் திரும்பினோம். போர்வெல் வண்டி, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டும் பட்டறை, மறுபடி கோழிப்பண்ணை. நாமக்கல் மாவட்டத்தில் சுற்றுலா என்று யாரும் இந்த ரோட்டில் வரமாட்டார்கள்.

சித்தம்பூண்டியை நெருங்க நெருங்க நிலத்தின் நிறம் மாறுகிறது. வரப்போரக் கற்கள் வெளுத்துக் கிடக்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்கி ஒன்றைக் கையில் எடுத்தோம். வெள்ளைத் தரையில் கறுப்புப் புள்ளிகள். வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை இல்லை, லேசாகச் சாம்பல் கலந்த, வெயிலில் சர்க்கரைபோல் மினுங்குகிற வெள்ளை. கறுப்புப் புள்ளிகள் ஹார்ன்பிளெண்டு என்கிற கனிமம். இதற்குப் பெயர் அனார்த்தோசைட். நிலாவில் வெளிச்சமாகத் தெரிகிற மேட்டுப் பகுதிகள் பெரும்பாலும் இந்த வகைக் கல்தான்.

அங்கே வெங்காயக் காட்டில் நின்றிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"ஏனுங்க, நெலாவுக்கு மண்ணெடுக்க வந்தீங்களா?"

இல்லைங்க, பார்க்கத்தான் வந்தோம் என்றேன். "பாருங்க பாருங்க. கெணறு வெட்டறப்ப இந்தக் கல்லு எங்களப் படுத்துன பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்ப அதுக்குப் பேரு வந்துருச்சு" என்று சிரித்தார். வெயிலுக்குத் தென்னை மரத்தடியில் உட்காரச் சொல்லி, சொம்பில் மோர் கொண்டுவரச் செய்தார். எந்த ஊர், என்ன கோத்திரம் வரைக்கும் விசாரித்துவிட்டார். கடைசியில் தாராபுரம் பக்கம் ஒரு வழியில் அவர் எனக்குப் பங்காளி முறை என்று தெரிந்தது. கொங்கு நாட்டில் பத்து நிமிசம் பேசினால் எப்படியும் ஒரு முறை வந்து நிற்கும்.

பெரியவர் கேட்ட நிலா மண் கதை உண்மைதான். நிலாவில் இறங்கும் வண்டியை இங்கே சோதித்துப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கிலோவுக்கு இவ்வளவு டாலர் என்று விலை. சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் இருக்கும் பாறையை உடைத்துப் பொடித்தால் அதே தன்மை வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை இதில் முன்னால் நின்றது. சுமார் 50 டன் இஸ்ரோவுக்குப் போனது. அந்த மண்ணைப் பரப்பி அதன் மேல் இறங்கு கலத்தையும் ஊர்தியையும் ஓட்டிப் பழக்கினார்கள். மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020ல் காப்புரிமை வாங்கியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது, அதற்கு முன்னால் அது கால் வைத்துப் பழகியது நாமக்கல் மண்ணில். முதல் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரைக்குச் சொந்த ஊர் கிணத்துக்கடவுப் பக்கம் கோதவாடி. ஆக, ஆளும் இங்கே, மண்ணும் இங்கே.

ஆனால் அவள் என்னைக் கூட்டிவந்தது நிலாவுக்காக இல்லை. மோர் குடித்து முடித்ததும் நோட்டில் படம் போட்டுக் காட்டினாள்.

நிலாவில் இந்தக் கல் வந்த கதை வேறு. நிலா பிறந்த புதிதில் மேற்பரப்பு முழுக்க உருகிய குழம்புக் கடல். ஆறும்போது கனமான கனிமங்கள் கீழே போய்விட்டன, கனம் குறைந்தவை மேலே மிதந்து ஒட்டாக இறுகின. சித்தம்பூண்டிக் கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி வருசம். இங்கே அது எப்படி வந்தது என்று ஆராய்ந்தவர்களில் பலர் சொல்வது: கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிப் போன இடத்தில், கீழே தேங்கிய குழம்பிலிருந்து இது பிரிந்து படிந்தது. அப்படித் தட்டு செருகும் இடங்களில் மேலே என்ன வரும்? எரிமலைத் தீவுகள் வரிசையாக வரும். ஜப்பான், இந்தோனேசியா, பாரன் தீவு எல்லாம் அப்படி வந்தவைதான்.

"இப்ப நாம உக்காந்திருக்கறது ஒரு எரிமலைத் தீவு வரிசையோட அடிவாரத்துலங் மாமா. மேல இருந்த மலை எல்லாம் கரைஞ்சு போச்சு. அடியில பல கிலோமீட்டர் ஆழத்துல இருந்தது இப்ப வெளிய வந்துருச்சு."

நான் தென்னை மரத்தைப் பார்த்தேன், வெங்காயத்தைப் பார்த்தேன், தூரத்தில் கோழிப்பண்ணைத் தகரத்தைப் பார்த்தேன். கடலும் தீயும் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கேட்டேன். திசை எல்லாம் கேட்காதீங்க, அப்போது இந்தியாவே இந்த இடத்தில் இல்லை என்றாள். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எங்க காடு தீவுன்னு சொல்றீங்க. பட்டாவுல அப்படிப் போடலையே" என்றார்.

அந்தக் காலத்துத் தீவில் என்ன மிருகம் இருந்தது என்று கேட்டேன். ஒன்றும் கிடையாது. 250 கோடி வருசத்துக்கு முன்னால் பூமியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்தான். மிருகம் பார்க்க வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். அதற்குத்தான் நாளைக்கு வால்பாறை.

திரும்பும் வழியெல்லாம் தீவுக்கு உயிர்கள் எப்படி வந்து சேரும் என்று பேசிக்கொண்டே வந்தோம். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் கிரகடோவா வெடித்ததும் தீவில் மிஞ்சியதெல்லாம் சாம்பல். ஒன்பது மாதம் கழித்து ஒரு குழு போய்ப் பார்த்தபோது அவர்கள் கண்ணில் பட்ட ஒரே உயிர் ஒரு சின்னச் சிலந்தி. நூல் விட்டுக் காற்றில் பறந்து வந்திருக்கிறது. அப்புறம்தான் புல், பறவை, மரம் எல்லாம். கடல் நடுவில் பிறந்த எரிமலைத் தீவில் எல்லோரும் வந்தேறிகள். பறக்கத் தெரிந்தவை, மிதக்கத் தெரிந்தவை மட்டும் வரும். தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, அதனால் கலாபகஸ் தீவுகளில் சொந்தமாக ஒரு தவளை கூடக் கிடையாது.

பள்ளிபாளையத்தில் சிக்கன் சாப்பிட்டோம். அங்கே போய்ப் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடாமல் வந்தால் வீட்டில் திட்டுவார்கள். நிறைய மிளகாய், தேங்காய்ச் சில்லு. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆழியாறு – வால்பாறை

விடியற்காலை கிளம்பியும் ஆழியாறு சோதனைச் சாவடியில் கூட்டம். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதியிருக்கிறது.

9வது வளைவில் இருப்பது லோம்ஸ் வியூ. இங்கே நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை நீலமாகக் கிடக்கும், மேலே செங்குத்தாகக் கரும்பாறை. சார்னோகைட் என்கிற கல். ஆனைமலையும் நீலகிரியும் பெரும்பாலும் இதில் ஆனவை. பாறையில் வரையாடு நின்றது. ஒன்று இல்லை, ஒரு கூட்டம். மாசி மாதம் குட்டி போட்ட சமயம், தாய்களோடு குட்டிகளும் இருந்தன.

கிழட்டுக் கிடா ஒன்று மட்டும் ரோட்டோரத் தடுப்புச் சுவர் வரைக்கும் இறங்கி வந்திருந்தது. உடம்பு கரும்பழுப்பு, முதுகில் மட்டும் சேணம் போட்டாற்போல் வெளுத்திருந்தது. கொம்பு தடித்துப் பின்னால் வளைந்து, குறுக்கே வரிவரியாக. அது பாறை மேல் ஏறும்போது குளம்பைக் கவனித்தேன். விளிம்பு கடினமாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கிறது. என் செருப்பு வழுக்கிய இடத்தில் அது அவசரமே இல்லாமல், அசை போட்டுக்கொண்டே நடந்து போயிற்று. செங்குத்துப் பாறைதான் அதற்குக் கோட்டை. சிறுத்தை, செந்நாய் எதுவும் அங்கே துரத்த முடியாது.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 2024ல் எடுத்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுக்க 1,031. கேரளத்திலும் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. பெயரில் ஆடு இருந்தாலும், மரபணுவைப் பார்த்தால் இமயத்தில் இருக்கும் தார் என்கிற காட்டாட்டை விடச் செம்மறிக்குத்தான் நெருங்கிய சொந்தமாம். குளிர் அதிகமாக இருந்த காலத்தில் புல்வெளிகள் பரந்து கிடந்தன, வெப்பம் கூடியபோது புல்வெளி மலை உச்சிகளுக்குச் சுருங்கிவிட்டது, கூடவே இதுவும் மேலே ஒதுங்கிவிட்டது. கிரகடோவா சிலந்தி தேடி வந்தது. வரையாடு எங்கும் போகாமலே தீவுக்காரனாகிவிட்டது. ஆனைமலையில் இருப்பது ஆனைமலையில், நீலகிரி முக்கூர்த்தியில் இருப்பது முக்கூர்த்தியில். நடுவில் இருக்கும் சமவெளியை இறங்கிக் கடக்க அதனால் முடியாது.

இதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு குடும்பம் கிடாவுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் நீட்டியது. செல்ஃபி எடுக்க அது பக்கத்தில் வர வேண்டுமாம். 'தின்னக் குடுக்காதீங்க' என்று பலகை அவர்கள் தலைக்கு மேலேயே இருந்தது. நான் சொன்னேன். "அதுக்கென்னங்க, பாவம் பசிக்குதுல்ல" என்றார் அந்த அம்மா. பாறை முழுக்கப் புல் இருக்கிறது. பசி யாருக்கு என்று தெரியவில்லை.

இன்றைக்கு இவ்வளவுதான். குளிர் விரலில் ஏறுகிறது, எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை, புதுத்தோட்டம்

வால்பாறையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'பச்சைக் கம்பளம்' என்று எழுதுகிறார்கள். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பச்சை முழுக்கத் தேயிலை. 1890களிலிருந்து மழைக்காட்டை வெட்டி வெட்டி வைத்த பச்சை. வெட்டிய துரைமார்களில் முக்கியமானவர் கார்வர் மார்ஷ், அவருக்குக் கவர்க்கல் பக்கம் சிலை கூட இருக்கிறது. வெட்டாமல் விட்ட துண்டுகள் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டு நிலத்தில் அங்கங்கே நிற்கின்றன. சரிவில் ஒன்று, ஓடையோரம் ஒன்று. கருத்து, உயர்ந்து, தேயிலைக்கு நடுவே தனியாக. மேலிருந்து பார்த்தால் இவைதான் தீவுகள்.

1967ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் தீவுகளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். தீவு சின்னதாக ஆக ஆக, கரையிலிருந்து தள்ளிப் போகப் போக, அதில் தாங்கக்கூடிய உயிரினங்கள் குறையும். கடல் தீவுக்குச் சொன்ன அந்தக் கணக்குக் காட்டுத் துண்டுக்கும் பெரும்பாலும் பொருந்துகிறது. ஐந்து ஏக்கர் சோலையில் அணில் இருக்கும், இருவாச்சி மாதிரிப் பெரிய பறவை இருக்காது.

புதுத்தோட்டம் அப்படி ஒரு துண்டு. ஊரை ஒட்டி, நடுவில் ரோடு ஓடுகிறது. காலை ஏழு மணிக்குப் போனோம். ஒரு காவலர் கையைக் காட்டி வண்டிகளை மெதுவாக்கிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க தம்பி, எறங்குறாங்க" என்றார். யார் இறங்குகிறார்கள் என்று பார்த்தால், சோலைமந்திகள். சிங்கவால் குரங்கு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

நம்மூர் நாட்டுக் குரங்கை மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. கறுத்த, மினுமினுப்பான உடம்பு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் வெள்ளைப் பிடரி, அதன் நடுவே பழுப்புக் கண். முகத்தில் ஒரு பெரிய மனுசத் தோரணை. ஒரு பெண் குரங்கு சுவரில் உட்கார்ந்து பலாப்பிஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது, குட்டிக்கு முகம் இளஞ்சிவப்பு. பிஞ்சின் தோலைப் பல்லால் உரித்துத் துப்பியது. உள்ளே ஒரு கடி, முகர்ந்து பார்த்தது, பிடிக்கவில்லை, கீழே போட்டது. போட்டதை அடுத்த நிமிசம் ஒரு குட்டிப்பயல் எடுத்துக்கொண்டு ஓடினான். எங்களுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு கை தூரம். எங்களை ஒரு பொருட்டாகவே அது நினைக்கவில்லை.

மேலே பார்த்தால் ரோட்டுக்குக் குறுக்கே, மரத்துக்கு மரம், பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகளுக்காக. சோலைமந்தி பிறந்ததிலிருந்து மரத்திலேயே இருக்கிற இனம். தரைக்கு இறங்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. காடு துண்டானதும், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவ முடியாமல் போனதும், ரோட்டில் இறங்க ஆரம்பித்தது. வண்டியில் அடிபட்டது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரர்கள் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து வருசக்கணக்காக வேலை பார்க்கிறார்கள். பாலம் கட்டுகிறார்கள், துண்டுக் காடுகளில் காட்டு மரக் கன்று நடுகிறார்கள். உலகத்தில் காட்டில் இருக்கும் சோலைமந்தி மொத்தமே சில ஆயிரங்கள்தான். அதில் நூற்றுக்கும் மேல் இந்த ஒற்றைத் துண்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு 'அட, எவ்வளவு குரங்கு' என்று தோன்றும். போக வேறு இடம் இல்லை, அதனால்தான் இங்கே இவ்வளவு.

ஊரில் கடைக்காரர்களுக்கு இவை மேல் கோபமும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஓர் அக்கா, "பாக்க வர்றவங்களுக்கு அது அதிசயம். எனக்கு ஓட்டைப் பிரிச்சு உள்ள எறங்கி முட்டைய எடுத்துட்டுப் போற திருடன்" என்றார். அவர் பேச்சில் கொங்கு வாடையே இல்லை. பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பமாம். வால்பாறையில் காது கொடுத்தால் தெற்கத்தித் தமிழ், மலையாளம், இப்போது இந்தியும் கேட்கிறது. மனிதர்களிலும் வந்தேறிகளின் தீவுதான் இது. கேட்டதற்கு, "எத்தன தலைமுறை இருந்தாலும் வீடு எஸ்டேட் வீடுதான் தம்பி. ரிட்டையர் ஆனா காலி பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே டீ ஆற்றினார்.

மதியம் வாட்டர்ஃபால் எஸ்டேட் பக்கம் போகும்போது தலைக்கு மேல் ரயில் எஞ்சின் மூச்சு விடுகிற சத்தம். மலை இருவாச்சி. பறக்கும்போது சிறகுக்குள் காற்று புகுந்து எழும் சத்தம் அது. ஒரு கிழட்டு மரத்தின் பொந்தருகே போய் உட்கார்ந்தது. லென்ஸில் பார்த்தால், எச்சத்தை வைத்துப் பூசி அடைத்த பொந்தில் ஒரு கீறல் மட்டும். பெட்டை உள்ளே இருக்கிறது. முட்டையிடும் முன் உள்ளே போய் அடைத்துக்கொண்டால், குஞ்சு ஓரளவு வளரும் வரை மாதக்கணக்கில் வெளியே வராது. ஆண்தான் சோறு போட வேண்டும். அது கழுத்தை உதறி உதறித் தொண்டைக்குள்ளிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் கொடுத்தது. நான் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். அந்த ஆண் பறவைக்கு ஒன்று ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். பொந்து இருக்கும் அளவுக்குப் பருத்த மரம் ஒன்று விழுந்தால், அடுத்த மரம் அந்தப் பருமனுக்கு வர நூறு வருசம் ஆகும்.

ராத்திரி தங்கும் விடுதிக்குத் திரும்பும்போது கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னியது. அந்த இடத்தில் யானை நடமாட்டம் இருக்கிறது என்று அர்த்தம். ஊர்க்காரர்களே செல்போனிலிருந்து எரிய வைக்கலாம், எஸ்டேட்வாசிகளுக்குக் குறுஞ்செய்தியும் வரும். தீவு விட்டுத் தீவு நடந்தே போகிற பெரிய மிருகம் யானை. தேயிலை அதற்குச் சாப்பாடு இல்லை, வழி மட்டும்தான். நாங்கள் அங்கிருந்த ஒரு டிரைவர் அண்ணன் பேச்சைக் கேட்டு வண்டியைப் பின்னால் எடுத்து, அரை மணி நேரம் ரேஷன் கடை வாசலில் காத்திருந்தோம். யானை கண்ணில் படவில்லை. வேண்டவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை, இறங்கும் வழியில்

அக்காமலை புல்மேட்டுக்குள் போக அனுமதி இல்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் என் கட்சி. தேயிலை முடிந்து சோலை தொடங்கும் விளிம்பு வரைக்கும் போனோம். உள்ளேயிருந்து யாரோ கூட்டமாகச் சிரிப்பது போல் ஒரு குரல், பதிலுக்கு இன்னொரு சிரிப்பு. பழனிச் சிரிப்பான். மைனாவை விடச் சின்னது, வெள்ளைப் புருவம், மார்பில் சாம்பல் வரிகள், வயிறு செம்பழுப்பு. ஒரு நொடி கிளை மேல் தெரிந்து மறைந்தது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இதற்கு ஒரு தாயாதி இருக்கிறது, நீலகிரிச் சிரிப்பான். அதற்கு மார்பு வயிறு எல்லாமே செம்பழுப்பு. சோலைக்கிளி என்கிற சின்ன நீலக் குருவியிலும் இப்படித்தான்: வடக்கே ஓர் இனம், தெற்கே ஓர் இனம். நடுவில் இருப்பது 30, 40 கிலோமீட்டர் அகலக் கணவாய், அவ்வளவே. இறக்கை இருக்கிற பறவைதான், ஆனால் குளிர்ந்த சோலையை விட்டுச் சூடான சமவெளிக்கு மேல் பறந்து பழக்கமில்லை. பல லட்சம் வருசம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்காமலே இருந்து வேறு வேறு பறவைகளாகிவிட்டன. டார்வின் 1835ல் கலாபகஸில் தீவுக்குத் தீவு மாறிய பறவைகளைப் பார்த்தது இதே விசயம்தான். அங்கே குறுக்கே கடல். இங்கே குறுக்கே பொள்ளாச்சி.

மலை இறங்கி அந்தக் 'கடலுக்குள்' வந்தோம். கணவாய்க் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. தென்னந்தோப்பு, இளநீர் லோடு, தூரத்தில் காற்றாலைகள். பொள்ளாச்சியில் சாப்பிடும்போது அவள் நோட்டில் இரண்டு சிரிப்பான்களையும் பக்கம் பக்கமாக வரைந்து, தெற்குப் படத்துக்குக் கீழே டிக் அடித்தாள். வடக்குப் படம் காலியாக இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் கோத்தகிரிப் பக்கம் போகலாம் என்கிறாள். நூல் விலை இறங்கினாலும் ஏறினாலும் சித்திரையில் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் என் செலவு, பறவை அவள் பொறுப்பு.